கன்னத்தில் கிரீடம்

உங்க பையில ரெண்டாவது ஜிப்பு தொறந்திருக்கு மேடம். நான் பாக்கல, கண்ணுல பட்டுச்சு. மூடிக்கங்க. கிளாம்பாக்கத்துல பஸ் ஏறும்போதே சொல்லியிருப்பேன். உங்க பின்னாடியே ஒட்டிக்கினு ஏறுனாரே, கட்டம் போட்ட சட்டை, அவரு உங்க வீட்டுக்காரரோன்னு நெனச்சுட்டேன். இல்லையா? அப்ப பைய மேல வெக்காதீங்க, மடியில வெச்சுக்கங்க. அவரு நல்லவராவும் இருக்கலாம். இருந்துட்டுப் போட்டும், நமக்கு நஷ்டம் இல்ல.

போலீஸா? எல்லாரும் அப்படித்தான் கேக்குறாங்க, இந்த கிராப்பையும் ஷூவையும் பாத்துட்டு. போலீஸ் இல்ல மேடம். பவுன்சர். லேடீஸ் பவுன்சர். நுங்கம்பாக்கம் பக்கம் ஒரு பெரிய ஓட்டலு, அது மாடியில கிளப்பு, அந்த வாசல்ல நிக்கிறேன். ஓட்டல் பேரு வேணாம். நீங்க யாருன்னு எனக்கு இன்னும் தெரியாது.

என் பேரு டெய்சி. ராயபுரம். முன்னாடி காசிமேட்டுல ஐஸ் பொட்டி தூக்கிக்கினு இருந்தேன், இந்தத் தோளு அங்க வந்தது. பத்து வருஷம் முன்னாடி ஒரு ஏஜென்சிக்காரன் வந்து, அக்கா, பொம்பளைங்க பைய ஆம்பள தொடக் கூடாது, அதுக்கு ஒரு பொம்பள ஆளு வேணும், ராத்திரி வேலன்னான். ஏதோ தப்பு வேலைக்குத்தான் கூப்புடுறான்னு வெரட்டி விட்டேன். மூணு தடவ வந்தான், மூணு தடவயும் வெரட்டுனேன். நாலாவது தடவ பொண்டாட்டியக் கூட்டிக்கினு வந்தான். அது அவன் பொண்டாட்டிதானான்னு ரேஷன் கார்டு கேட்டு வாங்கிப் பாத்துட்டுத்தான் வேலைக்குச் சேந்தேன்.

நீங்க கிளப்புக்குப் போயிருக்கீங்களா? இல்லையா? சரி, இல்லன்னே வெச்சுக்குவோம்.

முதல்ல பாரு, சரக்கு ஊத்துற எடம். நம்ம டாஸ்மாக் மாதிரி நெனச்சுக்காதீங்க. காக்டெய்லுன்னு ஒண்ணு தருவாங்க, கிளாஸ்லருந்து பொகை வரும், மேல ஒரு இல நிக்கும், ஓரத்துல உப்பு தடவியிருக்கும். பிஜுன்னு ஒரு மலையாளத்துப் பையன்தான் அத்த கலக்குறவன். பொகை எதுக்குடான்னு கேட்டேன். வாசனைக்கு சேச்சின்னான். எதையோ மறைக்கத்தான் பொகை போடுவாங்க, வேற எதுக்குப் போடுவாங்க? அவன் எனக்குன்னு எலுமிச்சம்பழ ஜூஸு கலந்து அனுப்புவான். பத்து வருஷத்துல ஒரு நாளும் குடிச்சதில்ல. எங்கிட்ட நல்லவனா நடந்துக்குறதுல அவனுக்கு இன்னா லாபம்னு இன்னும் புரியல.

அந்த பாரைத் தாண்டுனா பெரிய கதவு. அத்த தொறந்தா நெஞ்சுக்குள்ள தம்மு தம்முன்னு அடிக்கும். அதான் டான்ஸ் ஆடுற எடம். அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு திரை, ஒரு மேஜ, நானு. பொண்ணுங்க ஒவ்வொருத்தியா வருவாங்க, பைய தொறந்து காட்டுவாங்க. சென்ட்டு பாட்டில்ல வோட்கா கொண்டாருவாங்க. கொண்டைக்குள்ள குட்டி பாட்டில சொருவிக்கினு வந்தவளப் பாத்திருக்கேன். கொண்ட ஒரு பக்கமா சாஞ்சிருந்துச்சு, கண்ணு, நீயா அவுக்கிறியா நான் அவுக்கவான்னேன். அவளே அவுத்துட்டா. அப்பறம் சனிக்கிழம ஜோடியாத்தான் உள்ள விடுவாங்க, ஒண்டிக் கட்டைங்களுக்கு எடமில்ல. வாசல்ல நிக்கிற பசங்க, முன்னப்பின்ன தெரியாத பொண்ணுகிட்ட போய் கெஞ்சி, ஜோடின்னு சொல்லி உள்ள வரப் பாப்பாங்க. நான் பொண்ணுகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன். இவரு பேரு இன்னாம்மா? அவ திரும்பி அவன் மூஞ்சியப் பாத்தா முடிஞ்சுது. ரெண்டு பேரையும் லிஃப்டுக்கு அனுப்பிடுவேன். ஒரு தடவ ஒருத்தி அப்படித் திரும்பிப் பாத்தா, அனுப்பிட்டேன். அப்பறம் பாத்தா நெஜமாவே புருசன் பொண்டாட்டியாம், பேரு சொல்ல மாட்டாங்களாம் அவங்க வீட்டுல. அத்த நான் இன்னும் முழுசா நம்பல.

இப்ப ஸ்டாம்பு விஷயத்துக்கு வரேன், அதுலதான் என் கதையே இருக்கு. உள்ள வர்றவங்க மணிக்கட்டுல ஒரு ஸ்டாம்பு குத்துவோம். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, ஊதா டார்ச்சு அடிச்சா பளபளன்னு மின்னும். வெள்ளிக்கிழமைக்கு மீனு, சனிக்கிழமைக்கு கிரீடம். தம் அடிக்க வெளிய போயிட்டுத் திரும்பி வந்தா டார்ச்சு அடிச்சுப் பாத்து விடுவேன். வேல முடிஞ்சு போறப்ப ஸ்டாஃபும் குத்திக்கணும், எங்களுக்கு மட்டும் உள்ளங்கையில. எதுக்குன்னா, ஒரு தடவ போதையில நாலு பசங்க எங்க ஸ்டாஃப் வேன்ல ஏறிப் படுத்துட்டாங்க, தண்டையார்பேட்ட வந்துதான் தெரிஞ்சுது. அதுலருந்து வேன் டிரைவரு உள்ளங்கையக் காட்டச் சொல்லி, லைட் அடிச்சுப் பாத்துட்டுத்தான் ஏத்துவாரு. நான் இடது கையில குத்திக்குவேன். வேர்வ கையில அது சீக்கிரம் காயாது, காஞ்சா ரெண்டு நாளைக்குப் போவாது.

இன்னா பாக்குறீங்க? அந்தக் கட்டம் போட்ட சட்டைக்காரரா? தூங்குறாரு. தூங்குற மாதிரி இருக்காரு.

வீட்டுல நானும் என் பொண்ணும்தான். பிரின்சி. இருபத்திரெண்டு வயசு. அவங்கப்பா ஹார்பர்ல நைட் ஷிஃப்ட்டுன்னு சொல்லிக்கினு ரெண்டு வருஷம் ராத்திரி ராத்திரி போனாரு. நானும் டிபன் கட்டிக் குடுத்தேன். எந்த ஷிஃப்ட்டும் இல்ல, ராத்திரியெல்லாம் எண்ணூர்ல ஒருத்தி வீட்டுல இருந்திருக்காரு. அப்பறம் அவளோடயே போயிட்டாரு. டிபன் பாக்ஸும் போச்சு. அன்னிக்கு நெஞ்சு எரிஞ்சது மேடம், இன்னிக்கும் எரியுது. இனிமே எவன் எத்த சொன்னாலும் நம்புறதில்லன்னு முடிவு பண்ணேன். அந்த முடிவுதான் என்னைக் காப்பாத்துது.

ஆனா பாருங்க, என் வேலயும் ராத்திரி வேல. பன்னெண்டு வயசுலருந்து பிரின்சி ராத்திரியில தனியாத்தான் படுப்பா. பக்கத்து வூட்டு ஃபிலோமினா அக்கா காது குடுத்துப் பாத்துக்குவாங்க. சர்ச்சுல எல்லார்கிட்டயும் நான் ஆஸ்பத்திரியில நைட் டூட்டின்னுதான் சொல்லியிருக்கேன். பிரின்சியும் அப்படியே சொல்லிக்கினு வந்தா, ஒரு நாளும் வாய் தவறுனதில்ல. வேன் எறக்கி விட்டதும் நேரா வூட்டுக்கு ஓடுவேன். வலது கையில பூட்டத் தொறப்பேன், ஷூ கூட கழட்ட மாட்டேன், போய் இடது கையால அவ கன்னத்தத் தொட்டுப் பாப்பேன். சூடா மூச்சு வரும். அது கையில பட்டாத்தான் எனக்கு அன்னிக்கு வேல முடியும்.

போன நவம்பர்ல ஒரு நாளு, சனிக்கிழம வேல முடிஞ்சு வந்து, வழக்கம் போல தொட்டுப் பாத்துட்டு, ஷூ கழட்டிக்கினு இருக்கேன், கரன்ட்டு போச்சு. மெழுகுவத்தி தேடலாம்னு டார்ச்ச எடுத்தேன். கையில கெடச்சது வேல டார்ச்சு, ஊதா லைட்டு. அடிச்சேன். பிரின்சி கன்னத்துல கிரீடம் மின்னுது மேடம்.

டார்ச்ச கிட்ட கொண்டு போய்ப் பாத்தேன். அதே கிரீடம், எங்க சனிக்கிழம கிரீடம். எட்டு மணிக்கு நான் அங்க வாசல்ல நிக்கிறேன், இவ எப்படி என்னைத் தாண்டி உள்ள போயிருப்பா? விடிய விடிய உக்காந்து யோசிச்சேன். கன்னத்துல யாரும் ஸ்டாம்பு குத்த மாட்டாங்க. அப்ப எவனோ ஸ்டாம்பு குத்துன கையால அவ கன்னத்தப் புடிச்சிருக்கான். பிஜுகிட்ட, என் பொண்ணுன்னு சொல்லாம, பொதுவா கேக்குற மாதிரி கேட்டேன், இந்த மை ஒட்டுமாடான்னு. நல்லா ஒட்டும் சேச்சி, என் கிளாஸெல்லாம் ஒட்டிக்கினுதான் வருதுன்னான். ஆச்சா? கன்னத்தப் புடிக்கிறது உள்ளங்கையாலதான். உள்ளங்கையில குத்துறது ஸ்டாஃபுக்கு மட்டும்தான். அப்ப எங்க ஸ்டாஃபுல ஒருத்தன். பாத்தீங்களா, நூலு புடிச்ச மாதிரி வந்துட்டேன். இன்ஸ்பெக்டருக்குப் படிச்சவன் கூட இவ்ளோ வேகமா வர மாட்டான்.

ஸ்டாஃபுல ராயபுரம் பக்கம் யாரு வர்றாங்கன்னு வேன் டிரைவர்கிட்ட கேட்டு ஒவ்வொருத்தரா விசாரிச்சேன். அந்தப் பக்கம் எறங்குறது நான் ஒருத்திதான். அதனால வேன்ல வராதவன். சொந்த வண்டியில வர்றவன்.

ஆல்பன்னு ஒருத்தன் இருக்கான் எங்க சர்ச்சுல. பாட்டுக் குழுவுக்கு கீபோர்டு வாசிக்கிறான், பிரின்சி அங்க பாடுறா. அவன் ஓட்டல் ஓட்டலா வாசிக்கவும் போவான். எங்க பாருக்கே ரெண்டு சனிக்கிழம வந்து வாசிச்சான், வாசிக்க வர்றவங்களுக்கும் ஸ்டாஃப் மாதிரி உள்ளங்கையிலதான் குத்துவாங்க. என்னை வாசல்ல பாத்துட்டு, ஆன்ட்டின்னு அப்படியே நின்னுட்டான். ஓரமா இழுத்துக்கினு போய், சர்ச்சுல மூச்சு விட்ட, கீபோர்டோட சேத்து உன்னையும் ஒடச்சுடுவேன்னேன். சரிங்க ஆன்ட்டின்னான். சொன்ன மாதிரியே யார்கிட்டயும் சொல்லல. அதான் எனக்கு ஒதைக்குது. இந்த ரகசியத்த இவ்ளோ அமுக்கமா வெச்சிருக்கிறவன் வேற எத்தையெல்லாம் அமுக்கி வெச்சிருப்பான்? பைக் வேற வெச்சிருக்கான். மழையில ரெண்டு தடவ பிரின்சியக் கொண்டாந்து விட்டான். ஆம்பளைங்க பக்கம் ஸ்டாம்பு குத்துறது வேற ஆளு, எனக்குத் தெரியாம அவன் வந்து வாசிச்சுட்டுப் போயிருக்கலாம் இல்ல?

பிரின்சிய உக்கார வெச்சு கேட்டேன். யாருடி அவன்? யாரும்மான்னா. உன் கன்னத்துல கை வெச்சவன்னேன். அவ என்னையே பாத்தா. உன்னைத் தவிர என் கன்னத்துல யாரும் கை வெச்சதில்லம்மான்னா. எவ்ளோ சாமர்த்தியம் பாருங்க. ஆயிரம் பொண்ணுங்களப் பாத்தவ நான். பதிலு வழவழன்னு வந்தா பையில எதுனா இருக்குன்னு அர்த்தம்.

அப்பறம் நான் செய்யாதது எதுவும் பாக்கியில்ல மேடம். தெனமும் சாயங்காலம் அவ டீச்சர் டிரெய்னிங்லருந்து வந்ததும் பையப் பாயில கொட்டச் சொல்லிப் பாப்பேன். தலமுடிய மோந்து பாப்பேன். அவ போனையும் வாங்கி வெச்சுக்கினேன். ஒரு நாள் பைய அவளே கொட்டி, எல்லாத்தையும் வரிசையா அடுக்கி, கைய ரெண்டும் தூக்கிக்கினு நின்னா, உங்க கிளப்புல இப்படித்தானே நிப்பாங்கன்னு. சிரிக்கல. எனக்குக் கோவம் வந்துடுச்சு, கை ஓங்கிட்டேன். அடிக்கல.

அடுத்த வெள்ளிக்கிழம வெளியில பூட்டு போட்டுட்டு வேலைக்குப் போனேன். ரெண்டு பூட்டு. ரெண்டு சாவியும் என் இடுப்புல. ஃபிலோமினா அக்கா, தீ கீ புடிச்சா பொண்ணு இன்னாடி ஆவான்னு கத்துனாங்க. அவங்க ஏன் இவ்ளோ கத்துறாங்கன்னு அப்பயே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு. வேல முடிஞ்சு வந்தேன், பூட்டு ரெண்டும் போட்டது போட்டபடி. தொறந்தேன், கன்னத்தத் தொட்டுப் பாத்தேன், சூடா இருந்துச்சு, மனசு ஆறுச்சு. சரி, எதுக்கும் பாப்போம்னு டார்ச்ச அடிச்சா, கன்னத்துல மீனு. வெள்ளிக்கிழம மீனு.

சொல்லுங்க, நீங்களா இருந்தா இன்னா நெனப்பீங்க? ரெண்டு பூட்டு போட்ட வூட்டுக்குள்ள மீனு எப்படி வரும்? கள்ளச் சாவி. வேற வழியே இல்ல. அவன் வூட்டுக்கே வந்துட்டுப் போறான், ஃபிலோமினா அக்கா அதுக்கு உடந்த. பத்து வருஷமா எங்க வூட்டுச் சுவத்துல காது வெச்சிருந்த பொம்பள, அவங்களோட அன்னிலருந்து பேச்ச விட்டேன். பூட்ட மாத்துனேன். சனிக்கிழம திரும்பவும் கிரீடம்.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? மீதியக் கேளுங்க முதல்ல.

டிசம்பர் மாசம், கிறிஸ்மஸ் பாட்டுக்கு சர்ச்சு ஹாலுல பிராக்டீஸ். ஞாயித்துக்கிழம சாயங்காலம், ஆறரை மணி, நல்லா இருட்டிடுச்சு. முந்துன நாளு சனிக்கிழம, ராத்திரி வந்தப்பவும் அவ கன்னத்துல கிரீடம். இன்னிக்கு விட்டா அவன் கையில இருக்கிற மை போயிடும்னு, வேலைக்குப் போற உடுப்போடயே ஹாலுக்குள்ள போனேன். பதினாலு பேரு நின்னு பாடிக்கினு இருக்காங்க. போய் லைட்டு சுவிச்ச பட்டுப் பட்டுன்னு எல்லாத்தையும் அணைச்சேன். யாரும் நகரக் கூடாது, எல்லாரும் உள்ளங்கையக் காட்டுங்கன்னேன். கிளப்பு வாசல்ல பேசுற குரலு, அது தானா வந்துடுச்சு. பாவம், எல்லாரும் நீட்டிட்டாங்க. எழுபது வயசு ரோசலின் டீச்சர் கூட நீட்டுனாங்க.

ஒவ்வொரு கையா டார்ச்சு அடிச்சுக்கினே வந்தேன். ஒண்ணும் இல்ல. கடைசியா ஆல்பன். வலது கையில டார்ச்சு, இடது கையால அவன் மணிக்கட்டப் புடிச்சுத் திருப்புனேன். அவன் கை வெறுங்கை. பின்னாடியிருந்து ரோசலின் டீச்சர், டெய்சி, உன் கையில இன்னாமோ மின்னுதேன்னாங்க.

பாத்தேன். என் இடது உள்ளங்கையில கிரீடம். நேத்து ராத்திரி வேன் ஏறும்போது குத்துனது.

எனக்கு அப்பவும் வெளங்கல மேடம். நெஜமா சொல்றேன். இது கிளப்பு ஸ்டாம்பு டீச்சர், இதே ஸ்டாம்பு என் பொண்ணு கன்னத்துல இருந்துச்சு, பத்து வருஷமா கிளப்பு வாசல்ல நிக்கிறேன், எனக்குத் தெரியாதான்னு கத்துனேன். கத்துன பொறவுதான் தெரிஞ்சுது, ஆஸ்பத்திரின்னு சொன்னத நானே ஒடச்சிட்டேன்னு. ஆல்பன் தலயக் குனிஞ்சுக்கினான்.

பிரின்சி வந்தா. என் இடது கையப் புடிச்சா. அத்தன பேரு முன்னாடி அந்தக் கையக் கொண்டு போய் தன் கன்னத்துல வெச்சுக்கினா. இப்படித்தானம்மா தெனமும் வந்து தொடுவ, நீ வந்து தொடுற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது, முழிச்சுக்கினுதான் இருப்பேன், பத்து வருஷமான்னா. அழல. சாதாரணமா சொன்னா. அப்பறம் பாட்டு நோட்ட எடுத்துக்கினு வெளிய போயிட்டா.

சரி. கன்னத்து விஷயம் நான்தான். ஒத்துக்குறேன். வூட்டுக்குப் போய் அவ கால்ல விழுந்திருக்கணும், அதுவும் தெரியும். ஆனா எனக்கு இன்னா தோணுச்சு தெரியுமா? பத்து வருஷமா முழிச்சுக்கினு இருந்தவ, ஏன் தூங்குற மாதிரி நடிச்சா? எவ்ளோ நல்லா நடிச்சிருக்கா, ஆயிரம் பொண்ணுங்களப் பாத்த எனக்கே தெரியாம. அப்ப வேற எதெதுல நடிச்சாளோன்னு ஒரு எண்ணம். அத்த மனசுலயே வெச்சுக்கினு இருந்திருக்கலாம். அன்னிக்கு ராத்திரி சோறு போடும்போது கேட்டுட்டேன். வாய் சும்மா இருக்கல.

அவ சோத்துல கை வெச்சவ, எடுத்துட்டா. நீ வந்து தொட்டதும் கண்ணத் தொறந்தா, நீ உக்காந்து பேசுவ, உனக்குத் தூக்கம் கெடும்னு தூங்குற மாதிரி இருந்தேம்மான்னா. அவ்ளோதான் சொன்னா.

ஜனவரியில கெளம்பிட்டா. திண்டிவனத்துல ஒரு ஸ்கூல்ல எல்கேஜி மிஸ்ஸு வேல. லேடீஸ் ஹாஸ்டல். பொட்டிய நான்தான் கட்டிக் குடுத்தேன். அடியில எதுனா வெச்சிருக்காளான்னு ஒரு தடவ கைய விட்டுப் பாத்தேன், பழக்கம். அவ பாத்துட்டா.

சர்ச்சுலயா? யாரும் ஒண்ணும் சொல்லல, அதான் ஆச்சரியம். பாட்டுக் குழுவுல ரெண்டு பொம்பளைங்க தனியா வந்து, டெய்சி, எங்களுக்கும் அந்த வேல கெடைக்குமான்னு கேட்டாங்க. அதுல எதுனா உள்குத்து இருக்கான்னு பாத்துக்கினு இருக்கேன்.

இப்ப ராத்திரி வூட்டுக்கு வந்தா பூட்டத் தொறக்கவே மனசு வரல மேடம். தொறந்து உள்ள போனா தொட்டுப் பாக்க ஒண்ணும் இல்ல. வாசப்படியிலயே உக்காந்துக்குவேன், விடியட்டும்னு. போன் பண்ணா, நல்லாருக்கேன், சாப்ட்டேன், வெச்சுடுறேன்னு மூணு வார்த்த. அதுல இன்னா கண்டுபுடிக்க முடியும்? அதான் ஞாயித்துக்கிழமைல வரேன். நாலு வாரம் வந்துட்டேன், இது அஞ்சாவது. ஹாஸ்டலுக்கு எதுருல ஒரு பேக்கரி. அங்க ஒரு ஓரமா நின்னு பாப்பேன். நாலு மணிக்கு வெளிய வருவா, கேட்டாண்ட நிப்பா, ரோட்ட ரெண்டு பக்கமும் பாப்பா, அர மணி நேரம் நின்னுட்டு உள்ள போயிடுவா. யாருக்காக நிக்கிறா? அதான் எனக்குத் தெரியணும். இது வரைக்கும் ஒருத்தனும் வரல. வந்தா விட மாட்டேன். அவ என்னைப் பாத்ததே இல்ல. மறைஞ்சு நிக்கிறது எனக்குத் தொழிலு.

மேடம், ஒரு ஒதவி பண்றீங்களா? உங்க போன்லருந்து அவளுக்கு ஒரு கால் போடணும். என் நம்பருன்னா அந்த மூணு வார்த்ததான் வரும். கொரியர்னு சொல்லுங்க. நாலு மணிக்கு எங்க இருப்பீங்க, கூட யாருனா இருப்பாங்களான்னு கேளுங்க. தப்பா ஒண்ணும் இல்ல, பெத்தவ கேக்குறேன். நம்பரு சொல்றேன், போடுங்க. ஒம்பது, எட்டு, நாலு... ஆங், மீதிய நானே அடிக்கிறேன், குடுங்க.

ரிங் போவுது. இந்தாங்க, நீங்க பேசுங்க. சத்தமா பேசுங்க, பஸ்ஸு எரைச்சலு.

எடுத்துட்டாளா? கொரியர்னு சொல்லுங்க. சொல்லுங்க.

இன்னா சொல்றா? ஏன் பேசாம கேட்டுக்கினே இருக்கீங்க? இன்னா சொல்றான்னு சொல்லுங்க மேடம். வெச்சுட்டாளா? அதுக்குள்ளயா?

ஒரு வார்த்த விடாம அப்படியே சொல்லுங்க.

எங்கம்மா பக்கத்துல இருக்காங்களான்னு கேட்டாளா? எப்படித் தெரிஞ்சுது, என் குரலு கேட்டுடுச்சா? கொரியர்னு ஒரு வார்த்ததானே சொன்னீங்க. அப்பறம்?

பேக்கரில நிக்க வேணாமா? அப்ப என்னைப் பாத்திருக்காளா?

ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம வார்டன் நோட்டுல, பாக்க வர்றவங்கன்னு, என் பேர அவளே எழுதி வெக்கிறாளாமா? நாலு வாரமாவா? அப்ப அந்த கேட்டாண்ட... எனக்குக் கேக்குது, மெதுவா சொல்லுங்க. வெயில்ல நிக்கிறது போதும், இன்னிக்காவது உள்ள வரச் சொல்லுங்கன்னாளா? அப்படியேவா சொன்னா? கோவமா சொன்னாளா, எப்படி சொன்னா?

மேடம், ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அவளுக்குத் தெரிஞ்சவங்க இல்லல்ல? அவ சொல்லி அனுப்புன ஆளு இல்லல்ல? இல்லன்னா சரி. என் கண்ணப் பாத்து சொல்லுங்க. சரி, இல்ல. நம்புறேன்.

நாலு வாரமா எனக்காக நின்னிருக்கா. நான் எதுருல நின்னு, எவனுக்காகன்னு பாத்துக்கினு இருந்திருக்கேன்.

அழல மேடம், ஜன்னல்ல தூசி.

மேல்மருவத்தூரு தாண்டிடுச்சா? அப்ப திண்டிவனம் அரமணி நேரம். நீங்க விழுப்புரத்துலதானே எறங்கணும்? அங்க யாருனா காத்துக்கினு இருக்காங்களா? இல்ல, சும்மா கேட்டேன். பத்து வருஷமா வாசல்ல நிக்கிறேன், இவரு பேரு இன்னா, அவரு பேரு இன்னான்னு ஊரையே கேட்டிருக்கேன். உள்ள போய் அவ முன்னாடி உக்காந்தா நான் இன்னா கேக்குறது? ஒண்ணும் கேக்காம எப்படி உக்காந்திருக்கிறது? எனக்குப் பயமா இருக்கு மேடம்.

நீங்களும் திண்டிவனத்துல எறங்குறீங்களா? விழுப்புரம் பஸ்ஸு அடுத்தடுத்து வருது, நானே ஏத்தி விடுறேன். அந்த கேட்டு வரைக்கும் வந்தா போதும். நான் திரும்பிப் போகப் பாத்தா, கையப் புடிச்சு உள்ள தள்ளி விட்டுடுங்க.